பதினாலாயிரம் ரூபாவுக்குப் பட்டம் வாங்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஒன்பது வயது மகனுக்குக் காலிமுகத்திடலில் வாங்கிக் கொடுத்த மூன்று பிளாஸ்டிக் பட்டங்களில் ஒன்றுகூட ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டவில்லை. ஒன்று குத்துக்கரணம் அடித்து விழுந்தது, ஒன்று எப்போதும் இடப்பக்கமே சாய்ந்தது, மூன்றாவது ஏறவே மாட்டேன் என்றது. இப்போது இணையத்தில் 14,000 ரூபாவுக்கு முக்கோணச் சிறகுள்ள ஒரு டெல்டாப் பட்டமும், அதைவிட விலைகூடிய இரட்டை நூல் பட்டமும் பார்த்து வைத்திருக்கிறீர்கள். அந்தக் காசுக்கு அதில் அப்படி என்ன இருக்கிறது, எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் நீங்கள் கேட்காமல் விட்ட இன்னொரு கேள்வியும் இருப்பதாகப் படுகிறது: பிழை பட்டத்திலா, எங்கள் கையிலா? இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் தெஹிவளையில் கூடாரம், வெயில் மறைப்பு, படகு மூடும் சீலை தைக்கிறவன். பிறந்தது வல்வெட்டித்துறை. தைப்பொங்கலுக்கு அங்கே உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் விசித்திரப் பட்டப் போட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து மூங்கில் சீவப் பழகியது அந்த ஊரில்; தையல் இயந்திரத்தில் பட்டம் தைக்கத் தொடங்கியது கொழும்புக்கு வந்த பிறகு. அதுவும் இப்போது இருபது வருடமாகிறது. ஒற்றை நூல் பட்டம், துணி, தையல், கம்பு இவற்றைப் பற்றி நான் சொல்வதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். கல்பிட்டியில் ஆளையே கடலில் இழுத்துக்கொண்டு போகிற பட்டங்கள் வேறு வித்தை. அதில் நான் வாய் வைக்க மாட்டேன்.

முதலில் உங்கள் மூன்று பட்டங்களின் கதை. ஊரில் முச்சை என்போமே, பட்டத்தின் முகத்தில் இரண்டு மூன்று இடத்தில் கட்டி ஒரு முடிச்சில் சேர்க்கும் நூல், பட்டம் காற்றுக்கு என்ன சாய்வில் முகம் காட்ட வேண்டும் என்பதை முடிவு செய்வது அதுதான். அந்த முடிச்சை மூக்குப் பக்கமாக நகர்த்தினால் பட்டம் காற்றோடு தட்டையாகப் படுக்கும், கையில் இழுவை குறையும், தலைக்கு மேலே வரும். அளவுக்கு மீறி நகர்த்தினால் இழுவையே இல்லாமல் முன்னால் கவிழ்ந்து விடும். வால் பக்கமாக நகர்த்தினால் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கும், இழுவை கூடும், உயரம் வராது, கொஞ்சம் காற்று பலத்தால் சுழன்று குத்தும். இது முழுவதும் நடப்பது ஒரு விரல் அகலத்துக்குள். கடையில் தொங்கும் பட்டங்களில் முச்சையை யாரோ அவசரத்தில் கட்டியிருப்பார்கள், ஒரே மாதிரி இரண்டு பட்டத்தில் இரண்டு அளவு இருக்கும். ஆகவே ஏற மறுத்த பட்டத்திலும் குத்துக்கரணம் அடித்த பட்டத்திலும் நான் முதலில் சந்தேகப்படுவது முச்சையை, இரண்டாவது நீங்கள் நின்ற இடத்தை. இடப்பக்கம் சாய்ந்தது வேறு நோய், அதற்குப் பிறகு வருகிறேன்.

நின்ற இடம் என்றால் என்ன? மே தொடங்கிச் செப்டெம்பர் வரை சோளகக் காற்று கடலிலிருந்து நேரே திடலுக்கு வரும். கடலில் அதை உடைக்க எதுவும் இல்லை. பட்டத்துக்கு அதைவிட நல்ல காற்று கொழும்பில் கிடையாது. கடல் பக்கச் சுவரோரம், கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் ஓடவே தேவையில்லை, கையை விட்டால் ஏறும். பின்னால் போய்க் கட்டடங்களுக்குக் கிட்ட நின்றால் அதே காற்று சுவரில் மோதித் திரும்பி உருட்டும். தை மாசத்தில் கதை தலைகீழ். வாடைக்காற்று தரைப் பக்கத்திலிருந்து, அந்த உயரமான ஹோட்டல்களைத் தாண்டி வருகிறது. ஒரு கட்டடத்தின் பின்னால் அதன் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரத்துக்குக் காற்று சுழன்றுகொண்டே இருக்கும். திடலின் அகலம் அதற்குள் அடங்கிவிடும். ஆவணியில் அழகாக நின்ற பட்டம் தை மாசத்தில் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடுவது இதனால்தான், 14,000 ரூபாப் பட்டமும் ஆடும். அந்த மாதங்களில் பின்னேரம் கடற்காற்று திரும்பும் வரை பொறுத்திருந்து விடுங்கள்.

காற்றின் வேகத்துக்குக் கருவி வேண்டாம், கடலைப் பாருங்கள். அலையின் தலை ஆங்காங்கே வெளுக்கத் தொடங்கினால் ஏறத்தாழ மணிக்கு 12 முதல் 19 கிலோமீற்றர். பெரும்பாலான பட்டங்களுக்கு அதுதான் விருந்து. கடல் முழுக்க வெளுத்துக் கிடந்தால் 20-ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம், பெரிய பட்டத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

சரி, நவீனப் பட்டத்தில் என்ன புதிது என்றால், பெரும்பகுதி நீங்கள் நினைப்பதைவிடப் பழையது. வாலில்லாமல் நிற்கும் வைர வடிவப் பட்டத்தை 1890-களில் அமெரிக்கர் வில்லியம் எடி செம்மைப்படுத்தினார். குறுக்குக் கம்பை வில்லாக வளைத்தால் இரு சிறகும் பின்னால் சாய்ந்து, பட்டம் ஒரு பக்கம் சரிந்தாலும் தானே நிமிரும் என்பதுதான் சங்கதி. அந்த அமைப்புக்கு மலாய்ப் பட்டம் என்றே ஒரு பெயர் உண்டு. எங்கள் கடற்கரைகள் பக்கத்தில் அது எப்போதோ தெரிந்த வித்தை. ஊரில் பெட்டிப் பட்டம் விடுகிறோமே, அந்தப் பெட்டி அமைப்பை 1893-இல் அவுஸ்திரேலியாவில் லோரன்ஸ் ஹார்கிரேவ் கண்டுபிடித்தார். அடுத்த வருடம் நான்கு பெட்டிகளைக் கோர்த்துத் தன்னையே 16 அடிக்குத் தூக்க வைத்தார்.

டெல்டாவின் கதை சுவையானது. பிரான்சிஸ் ரொகாலோ என்ற அமெரிக்க வானூர்திப் பொறியியலாளரும் மனைவி கெர்ட்ரூடும் 1948-இல் விறைப்பான சட்டம் இல்லாத, காற்றே உருவம் கொடுக்கும் ஒரு சிறகை உருவாக்கினார்கள். முதல் மாதிரியை அவர் மனைவி பழைய திரைச்சீலையில் தைத்தார், வீட்டிலேயே ஒரு பெரிய மின்விசிறி வைத்துச் சோதித்தார்கள். பிறகு நாசா அதை எடுத்து ஜெமினி விண்கலத்தைத் தரையிறக்கப் பயன்படுமா என்று பல வருடம் பார்த்தது. கடைசியில் பரசூட்டோடு நின்றுவிட்டார்கள். தொங்கு கிளைடர் என்று மலையிலிருந்து குதித்துப் பறக்கிறார்களே, அதுவும் இன்றைய டெல்டாப் பட்டமும் அந்தத் திரைச்சீலையின் பிள்ளைகள்.

அதன் சூட்சுமம் ஒரு சின்ன விஷயத்தில் இருக்கிறது. நல்ல டெல்டாவைக் கையில் எடுத்தால் இரண்டு சிறகோரக் கம்புகளும் மூக்கு வரை போகாமல் கொஞ்சம் கீழேயே நின்றுவிடுவதைக் காண்பீர்கள். குறுக்குக் கம்பும் முதுகுக் கம்போடு கட்டப்படாமல் சும்மா மிதக்கும். முதன்முதல் பார்த்தபோது கட்ட மறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அப்படி விட்டிருப்பதால்தான் காற்று திடீரென்று பலக்கும்போது சிறகுகள் பின்னால் மடிந்து மிச்சக் காற்றை வழியவிடும், தணிந்ததும் திரும்ப விரியும். வயிற்றுப் பக்கம் தொங்கும் முக்கோணச் சீலைதான் முச்சை வேலையைச் செய்கிறது. அதன் நுனியில் ஒரே ஓட்டை, அதில் நூலைக் கொளுவினால் முடிந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முச்சை அளவு பார்க்கும் தலைவலி இல்லை. வால் இல்லாமலும் பறக்கும். மெல்லிய காற்றிலும் ஏறும். உங்கள் இரண்டு தெரிவில் டெல்டாவைத்தான் எடுக்கச் சொல்வேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிறகு முனைக்கு முனை ஒன்றரை மீற்றர் முதல் இரண்டு மீற்றர் வரை போதும். அதைவிடச் சின்னது துள்ளும், பெரியது பிள்ளையின் கைக்கு அதிகம்.

இரட்டை நூல் பட்டத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 1970-களில் இங்கிலாந்தின் பீற்றர் பவல் அதைப் பிரபலமாக்கினார். இரண்டு கையிலும் நூலைப் பிடித்து வானத்தில் எட்டுப் போடலாம், அருமையான விளையாட்டு. ஆனால் இரண்டு நூலும் ஒரே நீளமாக இருக்க வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் ஒரு பக்கமே சுற்றும். அது வேகமாகத் தரைக்கு வரும். ஞாயிறு பின்னேரம் இஸ்ஸோ வடைக்காரரும் குழந்தைகளும் நிறைந்த திடலில் அதைப் பழகுவது மற்றவர்கள் தலைக்கு ஆபத்து. மகனுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று ஆனதும், ஆளில்லாத ஒரு காலை நேரத்தில் பார்க்கலாம்.

கம்பே இல்லாத, பை போன்ற பட்டங்களும் கண்ணில் பட்டிருக்கும். 1964-இல் டொமினா ஜால்பெர்ட் கொண்டுவந்த அமைப்பு. துணி அறைகளுக்குள் காற்று புகுந்து சிறகாக ஊதிக்கொள்ளும், பரசூட்டில் குதிப்பவர்களின் சதுரக் குடையும் இதுதான். சட்டைப் பையில் வைத்துக் கொண்டுபோகலாம், உடைய எதுவும் இல்லை. ஒரே குறை, காற்று ஒரு கணம் நின்றால் துணி மூட்டையாக விழும். சோளக மாதங்களில் திடலில் நன்றாக நிற்கும், வேறு நேரத்தில் எரிச்சல்தான் மிஞ்சும். ஒக்டோபஸ், திமிங்கிலம் என்று ஊதும் பெரிய உருவங்கள் பல தாங்களாகச் சரியாக ஏறுவதில்லை. மேலே ஒரு தூக்குப் பட்டம் நின்று அதன் நூலில் இவை தொங்கும். படத்தைப் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இனித் துணி. இது என் தொழில், கொஞ்சம் அதிகம் பேசுவேன். நல்ல பட்டம் ரிப்ஸ்டொப் நைலோனிலோ ரிப்ஸ்டொப் பொலியெஸ்டரிலோ இருக்கும். துணியை வெளிச்சத்துக்குப் பிடித்தால் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தடித்த இழை ஓடுவது தெரியும். ஓர் இடத்தில் கிழிந்தால் அடுத்த தடித்த இழையில் கிழிசல் நின்றுவிடும். கட்டம் இருக்கிறது என்பதோடு திருப்திப்படாதீர்கள், மழை அங்கிக்கும் குடைக்கும் போடும் துணியிலும் கட்டம் இருக்கும். துணியில் வாயை ஒட்டி வைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் உள்ளங்கையில் காற்றுப் படக்கூடாது. பட்டால் அதன் பூச்சு சரியில்லை, காற்று சல்லடைக்குள் போவது போலப் போய்விடும். கசக்கினால் மொறுமொறுவென்று கடதாசிச் சத்தம் வரவேண்டும். நைலோன் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் தளரும். பொலியெஸ்டர் தளராது, விலை கூட. உப்புக் காற்றிலும் ஈரத்திலும் விடுகிற எங்களுக்குப் பொலியெஸ்டர்தான் நல்லது என்பது என் எண்ணம், ஆனால் ஒரு பிள்ளையின் பட்டத்தில் அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். அதற்காக மட்டும் காசைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற இடம் ஒன்று இருக்கிறது. துணிக்கு நெசவுத் திசை உண்டு. இழை ஓடும் திசையில் இழுத்தால் இறுகி நிற்கும். மூலைவாட்டில் இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். பட்டத்தின் பின் விளிம்பு இழையோடு ஒத்து ஓடினால் அது நேராக, சத்தமில்லாமல் இருக்கும். மூலைவாட்டில் வெட்டப்பட்டிருந்தால் நாலு ஞாயிற்றுக்கிழமையில் அந்த விளிம்பு தொளதொளத்துப் படபடக்கத் தொடங்கும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதன்முதல் தைத்த டெல்டாவில் சிவப்புத் துணி அரை மீற்றர் மிச்சம் பிடிக்கலாம் என்று இடச் சிறகை இழைக்கு நேராகவும் வலச் சிறகை மூலைவாட்டிலும் வெட்டினேன். மேசையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. காற்றில் ஏறியதும் வலச் சிறகு மட்டும் பானை வயிறு போலப் புடைத்து, பட்டம் வலப்பக்கம் தொங்கிக்கொண்டே பறந்தது. முச்சையை மாற்றினேன், வால் கட்டினேன், கம்பைச் சீவினேன். ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு அந்தச் சிறகைப் பிரித்து விரித்தபோதுதான் என் கஞ்சத்தனம் பல்லைக் காட்டியது.

தையலையும் பாருங்கள். சின்னத் தையல் பலமானது என்று நினைப்போம்; இந்த மெல்லிய துணியில் தையல் நெருங்கினால் முத்திரைத் தாளின் ஓட்டை வரிசை போலாகி அந்தக் கோட்டிலேயே கிழியும். மூன்று மில்லிமீற்றர் அளவில் சீரான தையல் போதும், வளைந்து வளைந்து போகும் தையல் இன்னும் நல்லது. விளிம்புகள் சூட்டில் வெட்டப்பட்டோ மடித்துத் தைக்கப்பட்டோ இருக்க வேண்டும், நூல் பிரிந்து தொங்கக்கூடாது. மூக்கிலும் கம்பு நுழையும் பைகளிலும் தடித்த நாடா வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். பட்டம் விழும்போது அடி வாங்குவது அந்த இடங்கள்தான், மலிவான பட்டத்தில் வெறும் துணி மட்டும் இருக்கும். பல நிறத் துண்டுகள் சேர்த்துத் தைத்திருப்பது தரத்துக்கு அடையாளம் என்று எடுக்க வேண்டாம். அது அழகு, அவ்வளவு சேர்ப்பும் ஒழுங்காக வந்திருந்தால் தைத்தவர் கெட்டிக்காரர்.

இப்போது இடப்பக்கம் சாய்ந்த பட்டத்துக்கு வருகிறேன். பட்டம் ஒரு பக்கமே போனால் இரு பக்கமும் சமமில்லை என்று அர்த்தம், வேறு காரணம் அனேகமாக இல்லை. மூக்கிலிருந்து ஒரு நூலைப் பிடித்து இடச் சிறகு முனை வரை அளந்து, அதே நூலை வலப்பக்கம் வைத்துப் பாருங்கள். அரை விரல்கூட வித்தியாசம் இருக்கக் கூடாது. பிறகு முதுகுக் கம்பு நெடுக மடித்து இரு சிறகும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்று பாருங்கள். கடைசியாகக் கம்பு. இரண்டு சிறகோரக் கம்புகளையும் கழற்றி, ஒரு நுனியைத் தரையில் ஊன்றி மறு நுனியை ஒரே அளவு அமுக்கினால் இரண்டும் ஒரே மாதிரி வில்லாக வளைய வேண்டும். ஒன்று மெலிந்திருந்தால் அந்தப் பக்கச் சிறகு அதிகம் மடிந்து பட்டம் அங்கே இழுபடும். இன்னும் சந்தேகமா, இடக் கம்பை வலப்பக்கமும் வலக் கம்பை இடப்பக்கமும் மாற்றிப் போட்டு விடுங்கள். இப்போது பட்டம் வலப்பக்கம் சாய்ந்தால் குற்றம் கம்பில். பழையபடி இடப்பக்கமே போனால் குற்றம் துணியில் அல்லது முச்சையில். மூங்கில் கம்பானால் மெலிந்ததைத் தூக்கி எறியவும் வேண்டாம், மற்றத் தடித்த கம்பைக் கண்ணாடித் துண்டால் மெல்லச் சுரண்டினால் சரிவரும்.

விலைகூடிய பட்டத்தில் நீங்கள் காசு கொடுப்பது முக்கியமாக இந்தச் சமத்துக்குத்தான். மாமா ஒரே மூங்கிலில் பக்கத்துப் பக்கத்தில் பிளந்த இரண்டு சிலாகையைத்தான் இரு சிறகுக்கும் எடுப்பார். கணுக்கள் ஒரே இடத்தில் வரும், தோல் ஒரே மாதிரி இருக்கும். அப்படியும் சுட்டுவிரல் மேல் வைத்துச் சமன் பார்த்துப் பார்த்து ஒரு பின்னேரம் முழுக்கச் சீவிக்கொண்டிருப்பார். ஆலையில் வரும் ஃபைபர் கிளாஸ் கம்பில் அந்தச் சமம் தானாகவே கிடைக்கிறது. ஃபைபர் கிளாஸ் கொஞ்சம் கனம், ஆனால் வளைந்து கொடுக்கும், பிள்ளை மிதித்தாலும் சட்டென்று உடையாது. கார்பன் மெலிந்தது, விறைப்பானது, மெல்லிய காற்றில் அருமை. மிதித்தால் சிராய் சிராயாகப் பிளக்கும், விரலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. அதோடு கார்பன் மின்சாரத்தையும் கடத்தும். உங்கள் மகனுக்கு ஃபைபர் கிளாஸ். விலைக்குறிப்பில் கார்பன் என்று பெரிதாக எழுதியிருந்தால் அதற்காக மயங்க வேண்டாம்.

பலர் பட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு நூலில் மிச்சம் பிடிக்கிறார்கள். ஊரில் சின்ன வயதில் தங்கூசியில், அதாவது ஒற்றை இழை நைலோன் நூலில், விட்டிருக்கிறேன்; மீன்பிடிக்கு அது சரி, பட்டத்துக்கு வேண்டாம். நீளும், சுருளும், கண்ணுக்குத் தெரியாது, ஓடும்போது விரலை வெட்டும். பின்னல் பொலியெஸ்டர் நூல் கேளுங்கள், இறுகப் பின்னியது, 20 முதல் 25 கிலோ தாங்குவது. கணக்கு இப்படி வருகிறது. இரண்டு மீற்றர் டெல்டா ஒன்று மணிக்கு 20 கிலோமீற்றர் காற்றில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவுக்கு இழுக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு, ஆறு கிலோ. அதற்கு மேல் திடீர் உலுக்கல் இருக்கிறது, முடிச்சு போட்ட இடத்தில் நூலின் பலம் பாதியளவுக்கும் குறையலாம். 20 கிலோ நூல் ஆடம்பரம் அல்ல என்று இப்போது தெரியும். டைனீமா என்ற மெல்லிய வெள்ளை நூல் இதைவிடப் பலமானது, அனேகமாக நீளாது. இரட்டை நூல் பட்டத்துக்கு அதுதான் வேண்டும். ஆனால் 150 பாகை வெப்பத்துக்குள்ளேயே உருகிவிடும். வேறொரு நூல் அதில் உரசிக்கொண்டு ஓடினால் அறுந்து போகும். கண்ணாடித் தூள் பூசிய நூலைப் பற்றி ஒரே வார்த்தை: தொடாதீர்கள். சைக்கிளில் போகிறவர் கழுத்தும் ஒரு காகத்தின் சிறகும் அந்த நூலுக்கு ஒன்றுதான்.

இழுவையை விளையாட்டாக நினைக்க வேண்டாம் என்பதற்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் ஒரு பெரிய பட்டத்தை ஏற்றும்போது கயிற்றை விடாமல் பிடித்திருந்த இளைஞர் ஒருவரை அது அந்தரத்தில் தூக்கிக்கொண்டு போன காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. நல்ல காலம், உயிர் தப்பினார். அது பலர் சேர்ந்து கயிறு பிடிக்கும் பட்டம், உங்களுடையது அப்படியல்ல. ஆனாலும் நூலை மகனின் கையில் சுற்றிக் கட்டாதீர்கள். அகலமான வளையத்திலோ கட்டையிலோ சுற்றிக் கொடுங்கள், பயந்தால் விட்டுவிட முடிய வேண்டும். திடலில் 50, 60 மீற்றர் நூலே தாராளம், அதற்கு மேல் போனால் பட்டம் காலி வீதிக்கு மேலே நிற்கும். மின்கம்பிக்குக் கிட்டப் போகவே வேண்டாம், சிக்கினால் எடுக்கவும் வேண்டாம். தெஹிவளை, கல்கிசைக் கடற்கரையில் விடுவதானால் ரத்மலானை விமான நிலையம் பக்கத்தில் இருப்பதை மறக்காதீர்கள், நான் அங்கே விடுவதில்லை.

இணையத்தில் வாங்கும்போது துணியை ஊதிப் பார்க்க முடியாது. அப்புறம் என்ன செய்வது? விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கம்பு எதனால் ஆனது, அது எத்தனை மில்லிமீற்றர்; துணி ரிப்ஸ்டொப்பா வெறும் பொலியெஸ்டரா; குறுக்குக் கம்பு உடைந்தால் அது மட்டும் தனியாகக் கிடைக்குமா. மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று சொல்பவர் பட்டத்தைத் தெரிந்தவர். டெல்டாவில் முதலில் உடைவது அந்தக் கம்புதான், அதன் நீளம் ஒரு சென்ரிமீற்றர் மாறினாலும் பட்டத்தின் குணம் மாறும், கண்டபடி ஒரு குச்சியை வெட்டிப் போட முடியாது. எந்தக் காற்றில் பறக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்களில் கீழ் எண்ணை நான் நம்புவதில்லை. மணிக்கு 6 கிலோமீற்றர் என்றால் 10 என்று எடுத்துக்கொள்கிறேன். இது அளந்து சொன்னதல்ல, பல பட்டங்கள் விட்ட பழக்கம். இந்த மூன்று கேள்விக்கும் ஒழுங்கான பதில் வந்தால் 14,000 கொடுக்கலாம், கவனமாக வைத்திருந்தால் பல வருடம் வரும். வெயிலில் நிறுத்தும் காருக்குள் மட்டும் போட்டு வைக்காதீர்கள், வெயில் நைலோனைத் தின்றுவிடும். பதில் வராவிட்டால் பாதி விலைக்கு ஒரு சாதாரண ஃபைபர் கிளாஸ் டெல்டாவை எடுத்து, மிச்சத்தில் நல்ல நூல் வாங்குங்கள். அந்தச் சேர்க்கை விலைகூடிய பட்டமும் மோசமான நூலும் சேர்ந்ததைவிட நன்றாகப் பறக்கும்.

வாங்குவதற்கு முன் அந்த ஏறாத மூன்றாவது பட்டத்தை எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு நாலரை மணிக்குச் சுவரோரம் போங்கள். பட்டத்தைக் கொண்டு ஓட வேண்டாம். மகன் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கட்டடப் பக்கமாக இருபது மீற்றர் தள்ளி நிற்கட்டும், நூல் உங்கள் கையில் இருக்கட்டும், நூலை இறுக்கிக்கொண்டு அவனை விடச் சொல்லுங்கள். நெஞ்சைக் காட்டிக்கொண்டு தாழ்வாகவே தொங்கினால் முச்சை முடிச்சை மூக்குப் பக்கம் ஒரு நெல்லளவு நகர்த்துங்கள். இழுவையே இல்லாமல் முன்னால் கவிழ்ந்தால் வால் பக்கம் ஒரு நெல்லளவு. ஒவ்வொரு தடவையும் ஒரு நெல்லளவுதான், அவசரப்பட வேண்டாம். எந்தப் பக்கம் நகர்த்தியபோது என்ன செய்தது என்பதை இங்கே எழுதுங்கள், மிச்சத்தைப் பார்ப்போம்.